நிசெகோ: கூட்டத்தை விட்டு விலகிச் சறுக்க

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்குப் பனிச்சறுக்கப் போவதென்றால் உடனே ஹிராஃபுவில்தான் அறை தேடுகிறார்கள். நான் அன்னுபுரியைத்தான் சொல்வேன். நிசெகோவில் ஒரே மலையில் இருக்கும் நான்கு பனிச்சறுக்குத் தளங்களில் இவை இரண்டு; அன்னுபுரி அமைதியானது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இயந்திரம் சீவிவிட்ட தடத்தில் காலையில் முதல் ஆளாக இறங்கினால், வரிவரியான பனி பலகைக்கடியில் கரகரக்கும். அதற்காகவே விடியலில் எழலாம். ஆனாலும் என் மனம் தடத்துக்கு வெளியேதான்: முழங்காலளவு தூள்பனி, சத்தமே இல்லை, உடம்பு மிதக்கிறது.

அங்கே போக, ரோந்துக் குழு திறந்துவைத்திருக்கும் வாயில்கள் மட்டுமே வழி. எல்லைக் கயிற்றைத் தாண்டினால் லிஃப்ட் டிக்கெட்டைப் பறித்துவிடுவார்கள். பனிச்சரிவு உயிரைக் குடிக்கும். அந்தக் கண்டிப்பை முழுமனதோடு வரவேற்கிறேன். முதல்முறை போகிறவர்கள் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள்.