"உங்க காது அப்படி சார்" என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

நீளமான பதிவு. ஒரு இயர்போன் விஷயத்தில் 70,500 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டதை நாலு வரியில் முடிக்க மனசு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடிக் கடை, அவ்வளவுதான். அந்தத் தெருவையே திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலேஜ் படிக்கும்போது வாங்கிய முதல் கம்ப்யூட்டரிலிருந்து போன வருடம் வாங்கிய யுபிஎஸ் வரை எல்லாம் அங்கேதான், ஒருவர்கூட ஏமாற்றியதில்லை. அந்த நம்பிக்கைதான் இந்த முறை காலை வாரிவிட்டது.

எனக்கு இருக்கும் வியாதி இது: ஒரே நாளில் காலையில் கச்சேரிப் பதிவு, திருவான்மியூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை போகும் பறக்கும் ரயிலில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு, மாலை திரும்பும்போது மெட்டல், ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது கானா. மூவாயிரம் ரூபாய் இயர்போன் ஒன்று நாலு வருடமாக இதையெல்லாம் குறை சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தது. போனஸ் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒன்று, ஆனால் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

கடையில் ஏசி, சோபா, கண்ணாடி அலமாரி, மேஜைமேல் ஒலியைப் பெருக்கித் தரும் பெரிய ஆம்ப். முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். "என்ன பாட்டு கேப்பீங்க சார்?" என்று முதலில் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதையே வந்தது. நான் மேலே சொன்ன பட்டியலைச் சொன்னேன். பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டு, காதுக்கு எட்டு ட்ரைவர், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், உள்ள இயர்போன் ஒன்றை எடுத்து வைத்தார். "கச்சேரிக்கு ரெண்டு, பேஸுக்கு ரெண்டு, மெட்டலுக்கு ரெண்டு, எல்லாத்துக்கும் ஆள் இருக்கு சார் உள்ள." சிரிக்காதீர்கள், நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை, நம்பினேன்.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். ட்ரைவர்கள் பாட்டின் வகையைப் பிரித்துக்கொள்வதில்லை, அதிர்வெண்ணைத்தான் பிரித்துக்கொள்கின்றன. கீழ்ஸ்தாயி ஒன்றுக்கு, நடு ஒன்றுக்கு, உச்சம் ஒன்றுக்கு என்று. இதைப் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் சரியில்லை என்றால், ஒரே பாடகரின் குரல் மேலே போகும்போது வேறு ஆள் பாடுவதுபோலக் கேட்கும். எட்டு பேர் ஆளுக்கொரு கரண்டி உப்பு போட்ட சாம்பார் மாதிரி. சென்ஹைசரின் ஐஇ 900 என்று ஒன்று 2021-இல் வந்தது, அப்போதே சுமார் 1,300 டாலர், அதில் காதுக்கு ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் ட்ரைவர்தான். எண்ணிக்கையை வைத்து விலை சொல்பவர் வாழைக்காயை எடை போடுகிறார் என்று அர்த்தம்.

சரி, டெமோவுக்கு வருவோம். அவர்களுடைய டேப்லெட், அவர்களுடைய பாட்டு: ஒரு பெண் குரல், கூட ஒரு பெரிய டிரம். நன்றாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் போனில் உள்ள கச்சேரியைப் போட்டுக் கேட்கட்டுமா என்றேன். "போன்ல உள்ளதெல்லாம் இதுல போடாதீங்க சார், அசிங்கப்படுத்திடும்" என்றார். வீட்டில் நான் கேட்கப்போவதே அந்தப் போனில்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆம்பின் சத்தமும் நான் வழக்கமாக வைப்பதைவிடக் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடினாலே மனுஷக் காது 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடும், விற்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாங்குபவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

62,000. "பில்லோட வேணும்னா 18 பர்சென்ட் மேல வரும் சார்" என்றார். மேலே 11,160 ரூபாய். நானும் மனுஷன்தானே, பில் வேண்டாம் என்றேன். கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட மஞ்சள் சீட்டு. அதன் ஓரத்தில் பேனாவால் '7 நாள் எக்ஸ்சேஞ்ச்'. பணம் போனது யுபிஐ-யில், கடைப் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு பெண்மணியின் பெயருக்கு. இந்தப் பத்தியில் மட்டும் நான் எத்தனை முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து கச்சேரியைப் போட்டேன். தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீர் கணீரென்று விழுகிறது, கீழ் ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியைக் காணோம். வித்வான் ரவை பூசி, ஈரம் பார்த்து, மெனக்கெட்டு அந்தக் கும்காரத்தைக் கொண்டுவருகிறார், எனக்குக் கேட்பதோ யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. தம்புரா ஒரு கொசுவாகிவிட்டது. வயலின் மேலே போனால் பல் கூசுகிறது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அன்றைக்கு லீவு போல. பழைய மூவாயிரம் ரூபாய் இயர்போனை மாட்டினேன், எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

போன் செய்தேன். "பர்ன்-இன் ஆகணும் சார். 200 மணி நேரம் ஓட்டுங்க, அப்புறம் பாருங்க." நானும் ராத்திரியெல்லாம் ஓடவிட்டேன். எட்டாவது நாள் திரும்பப் போனபோதுதான் கணக்கு புரிந்தது. ஏழு நாளில் இருப்பதே 168 மணி நேரம். ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஓட்டினாலும் 200 வருவதற்குள் எக்ஸ்சேஞ்ச் தேதி போய்விடும். இதை யோசித்து வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

அன்றைக்குத்தான் முதலாளி என் காதை எட்டிப் பார்த்துவிட்டு அந்த வாசகத்தைச் சொன்னார். "பீஸ்ல ஒண்ணும் இல்ல சார். உங்க காது அப்படி. சில பேருக்கு வளைவா இருக்கும். காதுக்குள்ள போற நுனி உறை இருக்குல்ல, அதையே உங்க காதுக்கு அளவெடுத்து மோல்டு டிப்ஸ் பண்ணிடலாம், 8,500 ஆகும், அப்புறம் பாருங்க பேஸை." நாற்பத்தி மூன்று வருடமாக இந்தக் காதோடு வாழ்கிறேன், அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. சரி என்றேன்.

அளவெடுத்தது கடையில் டீ வாங்கி வரும் பையன். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பச்சையும் வெள்ளையுமாக இரண்டு உருண்டை மாவை உள்ளங்கையில் சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்தான், நீட்டாக உருட்டி, கட்டைவிரலால் என் காதில் அழுத்தினான். காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "வாயைத் தொறக்காதீங்க சார்" என்றான். நடுவில் அவனுக்கு ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே மூன்று நிமிடத்தில் உருவி எடுத்துவிட்டான். நுனியில் ஒரு குமிழி. "இதெல்லாம் லேப்ல சரி பண்ணிடுவாங்க."

ஐந்து வாரம் கழித்து டிப்ஸ் வந்தது. இடது பக்கம் இருபது நிமிடத்தில் வலி. வலது பக்கம் வாயைத் திறந்தால் நழுவுகிறது. ரயிலில் டிக்கெட் பரிசோதகருக்கு 'இந்தாங்க' என்று சொன்னேன், மடியில் விழுந்துவிட்டது. திரும்பப் போனால் அதே பாட்டு. உங்க காது அப்படி சார், ரீமேக்குக்கு 4,000.

அங்கேதான் எனக்குச் சுரீரென்றது. 4,000 கொடுக்காமல் எழுந்து வந்து, காது கேட்கும் கருவி வைக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவரை மயிலாப்பூரில் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண், என் அக்கா மகள் வயது. முதலில் ஓட்டோஸ்கோப்பை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். அழுக்கு இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது, வளைவு எல்லோருக்கும் இருக்கிற வளைவுதான் என்றார். அப்புறம் நான் கொண்டுபோன டிப்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இதுல ரெண்டாவது வளைவே இல்லையே. இது காதோட அளவு இல்ல, காது வாசலோட அளவு."

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். காதுக் குழாய் நேராகப் போவதில்லை, இரண்டு இடத்தில் திரும்புகிறது. அளவு அந்த இரண்டாவது திருப்பத்தைத் தாண்டி இருந்தால்தான் டிப்ஸ் பிடித்து நிற்கும், அடைப்பும் சரியாக இருக்கும். அதற்கு முன்னால், நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்றை உள்ளே தள்ளி வைப்பார்கள், மாவு செவிப்பறை வரை போய்விடாமல் தடுக்க. என் காதில் அது வைக்கவேயில்லை. பையன் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியிருந்தால் இஎன்டி டாக்டர் எடுக்கவேண்டி வந்திருக்கும். அவன் அரைகுறையாகச் செய்ததுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது! இன்னொன்று, தாடையை அசைத்தால் காதுக் குழாயின் அகலம் மாறும். அதனால்தான் மேடையில் பாடுகிறவர்களுக்கு அளவெடுக்கும்போது பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கடிக்கவைத்து, வாயைத் திறந்தபடி எடுக்கிறார்கள். வாயை மூடி எடுத்த அளவு வாயை மூடியிருக்கும்வரைதான் பொருந்தும்.

கடைசியாக அவர் கேட்டதுதான் எனக்கு மானக்கேடு. "பெட்டியில வந்த சாதா டிப்ஸ் எல்லாத்தையும் மாட்டிப் பார்த்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஆறு ஜோடி இருந்தது, பையைப் பிரிக்கவேயில்லை. கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததை அப்படியே போட்டுக் கேட்டேன். டெமோவில் இருந்தது தடிமனான ஃபோம் டிப்ஸ், வீட்டுக்கு வந்தது மீடியம் சிலிக்கான் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. காதுக்கும் டிப்ஸுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பேஸ் வெளியே ஓடிவிடும், உச்ச ஒலி மட்டும் மிச்சம் நிற்கும். தொப்பி காணாமல் போனதும் வயலின் பல் கூசியதும் ஒரே காரணத்தால்தான்.

அவர் அறையிலேயே உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் உள்ளே செருகவேண்டும். இடது காதுக்கு லார்ஜ், வலது காதுக்கு மீடியம். நிறையப் பேருக்கு இரண்டு காதும் ஒரே அளவு இருக்காதாம். தம்புராவைப் போட்டேன். அந்த அறையில் யாரோ மின்விசிறியை நிறுத்திவிட்டதுபோல வெளிச்சத்தம் அடங்கி, கீழ்ச் சுருதி வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை வராத குறை. சந்தோஷத்தில் இல்லை, 8,500 ரூபாயை நினைத்து.

ஃபோம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விரலால் உருட்டி ஒடுக்கி, செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது சில மாதத்தில் கடினமாகிவிடும், மாற்றித்தான் ஆகவேண்டும்.

பொருள் ஒரிஜினல்தான், கம்பெனிமேல் எனக்குக் குறையில்லை. ஆனால் வரிசை எண்ணை அவர்களுக்கு மெயில் அனுப்பிக் கேட்டபோது, அது வேறு நாட்டுக்கு விற்றது, இந்தியாவில் வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. அப்போதுதான் பெட்டியைப் புரட்டினேன். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் இருக்கவேண்டும். ஒன்றுமில்லை. இந்த ஒரு ஸ்டிக்கரைக் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். இரண்டு நொடி வேலை.

1915-க்கு அழைத்தேன், நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். பில் கொடுக்காமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயும் என் வாய்தானே. மஞ்சள் சீட்டு, யுபிஐ பதிவு, ஆடியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்த தாள் மூன்றையும் இணைத்துப் புகார் போட்டேன். கடையிலிருந்து போன் வந்தது. முதலில் கோபம், அப்புறம் "நம்ம கஸ்டமர் சார் நீங்க", அப்புறம் மோல்டு காசு 8,500 மட்டும் திரும்பி வந்தது, அதே பெண்மணியின் கணக்கிலிருந்து. 62,000-க்குப் பதிலில்லை.

ஜிஎஸ்டி பில் கேளுங்கள், எண் பதினைந்து எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும், அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். அந்த 11,160-ஐ மிச்சம் பிடிக்கப்போய் நான் வாரண்டியையும் வாதாடும் வாயையும் சேர்த்து விற்றுவிட்டேன்.

இப்போது அந்த எட்டு ட்ரைவர் மெட்டலுக்கும் கானாவுக்கும் நன்றாகவே உழைக்கிறது. கச்சேரிக்கு மட்டும் வயலினில் ஒரு இரும்பு வாசனை போகவில்லை, அதற்குப் பழைய மூவாயிரம் ரூபாய்தான். என் பாட்டை என் போனில் கடையிலேயே அரைமணி நேரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மாடிப்படி முகப்பில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள், நடுவில் பெரிதாக ஒரு காது வரைந்து, 'உங்கள் காதுக்கே அளவெடுத்துத் தரப்படும்' என்று. கீழே அந்தப் பையன் டீத்தூக்கோடு போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "காது எப்படி சார் இருக்கு?" என்றான்.