செம்பூர்க் கொல்லையில் ஒரு தேக்குப் பந்தல்: எட்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய மாடி வீட்டின் கொல்லைப்புறத்தில், 2018 மார்ச் மாதம் 12 அடிக்கு 10 அடி அளவில் ஒரு மரப்பந்தல் அமைத்தோம். கட்டடக் கலைஞர்கள் இதைப் பெர்கோலா என்கிறார்கள். நான்கு கால்கள், அவற்றின் மேல் இரண்டு விட்டங்கள், விட்டங்களின் மேல் இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்திய சட்டங்கள், அவற்றுக்கு மேலே கூரை இல்லை. கட்டி முடித்த ஆண்டிலேயே எழுதியிருந்தால் நிழலின் அழகைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். எட்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்ட இப்போது சொல்ல வேண்டியதாக எனக்குப் படுவது வேறு: இந்த ஊரில் மரப்பந்தலின் ஆயுளைத் தீர்மானிப்பது, நனைந்த பிறகு அது எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்பதுதான். எங்கள் பந்தலில் நேர்ந்த பழுதுகளில் பெரும்பாலானவை ஏதோ ஓரிடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் போனதால் வந்தவை.

மும்பையின் தட்பவெப்பத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜூலையில் காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. அதே ஊரில், பிப்ரவரி பிற்பகல்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது, சன்னல் கதவுகள்கூடச் சுருங்கி இடைவெளி காட்டும். மரம் ஆண்டுதோறும் இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையே உப்பியும் சுருங்கியும் வாழ வேண்டியிருக்கிறது. செம்பூருக்கு அருகிலேயே கழிமுகங்கள் இருப்பதால், உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் நாங்கள் அணுகிய ஒப்பந்தக்காரர், மருந்து ஏற்றிய பைன் மரத்தையோ மர வண்ணம் பூசிய அலுமினியத்தையோ பரிந்துரைத்தார். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாகத் தாராவியில் வசிக்கும் ஓர் ஆசாரியை உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணாச்சி ஆகிவிட்டார். சந்திரபூர் மாவட்டத்துப் பல்லார்ஷாத் தேக்கு வாங்குவதென்று முடிவாகி, அவருடன் ரே ரோடு மரச்சந்தைக்குப் போனேன். அங்கே அவர் ஒவ்வொரு கட்டையையும் புரட்டி, ஓரத்தில் ஓடிய வெளிர்நிறப் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் காட்டினார். "இந்த வெள்ளை மூணு மழை தாங்காது, தம்பி. வைரம் மட்டும்தான் நமக்கு மரம். வெள்ளை இருக்கிறதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க" என்றார். தேக்கு என்றாலே அழியாது என்று நம்பியிருந்த எனக்கு அது முதல் பாடம். தேக்கின் புகழ் அதன் வைரத்துக்கு, அதாவது நடுவிலுள்ள முற்றிய மரத்துக்கு, உரியது. வெளிப்புற வெள்ளைப் பகுதி மற்ற சாதாரண மரங்களைப் போலவே உளுத்துப்போகும், கரையானுக்கும் இரையாகும். 32 கன அடி தேவைப்பட்ட இடத்தில், கழிவையும் சேர்த்து 40 கன அடி வாங்கினோம். மரத்துக்கு 1,68,000 ரூபாய், கூலி 62,000, அடித்தளத்துக்கு 14,000, உலோகப் பொருள்களுக்கும் எண்ணெய்க்கும் 18,000 என மொத்தம் 2,62,000 ரூபாய் ஆயிற்று.

சட்டங்களை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். இன்றுவரை எனக்கு மிகவும் மனநிறைவு தரும் முடிவும் அதுவே. வெளிநாட்டுப் படங்களில் காணும் பந்தல்களைப் பார்த்து, கிழக்கு மேற்காகவே ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். தெற்கே சாய்ந்து செல்லும் வெயிலை மறைக்க வேண்டிய குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். மும்பையோ நிலநடுக்கோட்டிலிருந்து 19 பாகை வடக்கில் இருக்கிறது. மே மாத நடுவில் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலாகக் கடக்கிறான். உச்சி வேளை இங்கே பன்னிரண்டு மணிக்கு அன்றி, ஏறத்தாழ 12.35-க்கு வருகிறது. அந்த மாதத்தில் சட்டங்கள் கிழக்கு மேற்காக இருந்தால், கதிரவன் அவற்றின் நீளவாக்கிலேயே பயணம் செய்வதால், நாள் முழுவதும் வெயிலின் பெரும்பகுதி இடைவெளிகளின் வழியே இறங்கிவிடும். வடக்கு தெற்காக ஓட்டினால், காலை வெயிலையும் மாலை வெயிலையும் சட்டங்களின் பக்கவாட்டு உயரம் தடுத்துவிடும். எங்கள் சட்டங்கள் ஆறு அங்குல உயரமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் உடையவை. இடைவெளி மூன்று அங்குலம். மே மாதத்தில் ஏறத்தாழ 10.45 மணி முதல் 2.30 மணி வரைதான் தரையில் வெயில் கோடுகள் விழுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் நேர்வெயில் சட்டங்களைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் என் அம்மா வடாம் உலர்த்துவார். கோடுகள் மேற்கிலிருந்து கிழக்காக நகர நகர, துணியின் ஒரு பகுதி நிழலுக்குப் போய்விடும். முதல் ஆண்டிலேயே அவர், "பந்தல் நல்லாத்தான் இருக்கு, ஆனா வடாத்துக்கு மொட்டை மாடிதான் சரி" என்று சொல்லிவிட்டார்.

இனி, தவறாகப் போனவை. கால்களை நேரடியாகக் காரையில் புதைக்கக் கூடாது என்பதில் அண்ணாச்சி உறுதியாக இருந்தார். இரண்டரை அடி ஆழத்துக் கான்கிரீட் அடித்தளத்தின் மேல் இரும்புத் தாங்கி வைத்து, அதன் மேல் காலை நிறுத்த வேண்டும், மரத்துக்கும் தரைக்கும் இடையே மூன்று அங்குலம் வெற்றிடம் இருக்க வேண்டும் என்றார். கரையான் மண் பூசிக்கொண்டு ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் பட்டுவிடும் என்பதும் அதன் பயன். ஆனால் தாங்கிகளைச் செய்து தந்த பட்டறைக்காரர், மரக்கால் உட்காரும் வகையில் பெட்டி போன்ற கிண்ணமாகச் செய்து, சாதாரண இரும்புக்கு வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டார். வேலை அவசரத்தில் நானும் அதை ஏற்றுக்கொண்டேன். காலின் வழியே வழிந்த மழைநீர் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. 2020 ஆகஸ்டில் ஒரு நாள், தென்மேற்குக் காலின் அடியில் கறுத்த கசிவைக் கண்டு திருப்புளியால் குத்திப் பார்த்தேன். அரை அங்குலம் வரை, ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் அது உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது முனையில் கறுப்பு நாரும் துருவும் ஒட்டியிருந்தன; வைர மரம்கூட இரண்டரை ஆண்டில் இந்த நிலைக்கு வந்திருந்தது.

மழை ஓய்ந்தபின் விட்டங்களுக்கு முட்டுக் கொடுத்து, நான்கு கால்களிலும் அடியிலிருந்து இரண்டு அங்குலம் அறுத்தெடுத்து, 316 வகை எவர்சில்வர் தாங்கிகளை மாட்டினோம். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால், வீட்டுப் பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகையைவிட உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். புதிய தாங்கிகளில் கிண்ணம் கிடையாது. காலின் நடுவே வெட்டிய பிளவுக்குள் ஒரு தகடு மட்டும் ஏறும், மரத்தின் அடிமுகம் காற்றில் திறந்தே இருக்கும். வெட்டுமுகம்தான் மரத்தில் நீரை உறிஞ்சும் இடம் என்பதால், அதற்கு மட்டும் எபாக்சி என்னும் பிசினைத் தடவினோம். இதற்கு 31,000 ரூபாய் ஆனது. தொடக்கத்திலேயே செய்திருந்தால் 9,000 ரூபாய்தான் கூடுதலாக ஆகியிருக்கும். ஐந்து மழைக்காலம் கடந்தும், அந்தக் கால்களில் திருப்புளி இறங்கவில்லை.

அடுத்தது கூரை. மழைக்காலத்திலும் உட்கார வேண்டும் என்ற ஆசையில், 2019 மே மாதம் சட்டங்களின் மேல் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடுகளைப் பொருத்தினோம். அதுவரை மேலெழுந்து வெளியேறிய வெப்பம் தகட்டின் அடியில் தங்கிவிட்டது. வீட்டு நிழலில் வெப்பமானி 34 பாகை காட்டிய ஒரு பிற்பகலில், பந்தலுக்குள் 39 காட்டியது. மழையிலோ தகரக் கொட்டகைக்குள் இருப்பதுபோல் சத்தம். எதிரில் இருப்பவரோடு பேச முடியாது. தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே புகுந்த நீர் நாட்கணக்கில் காயாமல் கிடந்து, சட்டங்களின் மேல்விளிம்பில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. 2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பைக்கு அருகே கடல்வழியாகக் கடந்து சென்றபோது, கொலாபாவில் காற்றின் வேகம் மணிக்கு 114 கிலோமீட்டர் வரை பதிவானது. அன்று பிற்பகல் எங்கள் தகடுகளில் இரண்டு பிய்ந்து பறந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் போய் மோதின. அந்த நேரத்தில் அங்கே யாரும் நிற்கவில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது. தகடுகள் போனதும் காற்று சட்டங்களின் ஊடே தடையின்றிச் சென்றது. பந்தல் இம்மியும் அசையவில்லை. மீதித் தகடுகளை மறுநாளே கழற்றிவிட்டோம். கூரை வேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளரைக் கலந்து, மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் அனுமதி விவரங்களையும் கேட்டுக்கொண்டு செய்வதே நல்லது. திறந்த பந்தலும் கூரையிட்ட கொட்டகையும், காற்றின் முன்னால் ஒன்றல்ல.

ரங்கூன் மல்லிக் கொடியை மேலே ஏற்றியதும் ஏறத்தாழ இதே கதைதான். இரண்டு ஆண்டுகளில் கொல்லை முழுவதும் மாலையில் மணம் நிறைந்தது உண்மை. வெள்ளையாக மலர்ந்து அடுத்தடுத்த நாட்களில் சிவக்கும் அந்தப் பூக்களுக்காகவே விருந்தினர் வந்தார்கள். ஆனால் நனைந்த கொடியின் பாரமும், அதன் அடியில் மக்கிய சருகும் ஐந்து சட்டங்களின் முனைகளைக் கெடுத்துவிட்டன; மழை தொடங்கியதும் கம்பளிப் பூச்சிகளும் வந்தன. கொடியை முற்றிலும் நீக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே 2022-இல், மேற்குப் பக்கத்தில் பந்தலிலிருந்து ஓரடி தள்ளித் தனிக் கம்பிகளை நிறுத்தி, அதில் படரவிட்டோம். சட்டங்களின் கீழாகச் சாய்ந்து நுழையும் நான்கு மணி வெயிலை அது நன்றாக மறைக்கிறது, மரத்தைத் தொடுவதில்லை. ஜூன் முதல் வாரத்தில் பாதிக்கு வெட்டிவிடுகிறோம்.

பூச்சு பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆண்டு பளபளப்பான பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தோம். வெயிலில் அது விரிசல் விட்டு, விரிசல் வழியே நீர் புகுந்து, படலத்தின் அடியில் அடைபட்டு, அடுத்த கோடைக்குள் பாம்புச் சட்டைபோல் உரிந்து தொங்கியது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க இரண்டு பேருக்கு ஆறு நாள் கூலி. அதிலிருந்து பூஞ்சைத் தடுப்பு கலந்த, மரத்துக்குள் ஊறும் எண்ணெயையே பயன்படுத்துகிறோம். பச்சை ஆளிவிதை எண்ணெயை அப்படியே பூச வேண்டாம். இந்த ஈரப்பதத்தில் அது பூஞ்சைக்கு உணவாகிவிடும். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் கலந்த எதையேனும் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், உலரும்போது உண்டாகும் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, அது தானாகத் தீப்பிடிக்கக்கூடும். துணியை நீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். பந்தலைக் கழுவுவதற்கு நார் பிரஷும் சோப்பு நீரும் போதும். அதிவேக நீர்ப்பீச்சியைப் பயன்படுத்தினால், மென்மையான இழைகள் அரித்துப்போய் மரம் வரிவரியாகிவிடும்.

நிழல் கிடைத்தாலும் காற்று ஓடாவிட்டால் மே மாத மாலையில் உட்கார முடியாது, ஏனெனில் இந்த ஈரப்பதத்தில் வியர்வை உலருவதில்லை. வீட்டு மின்விசிறியை மாட்டியதில் இரண்டே ஆண்டில் தாங்குருளை (பேரிங்) இறுகிவிட்டது. இப்போது வெளியிடங்களுக்கென்றே செய்த விசிறி இருக்கிறது. அந்த இணைப்புக்குத் தனியாக, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவு மின்தடுப்பானும் பொருத்தியிருக்கிறோம்.

புதிதாகக் கட்ட எண்ணுபவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் வேலையை முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வறண்ட நாட்களில் கழுந்தை (துளைக்குள் செருகும் மர முனையை) இறக்கிச் சேர்த்த மூட்டுகள் மழையில் உப்பி இறுகும். மழைக்காலத்தில் சேர்த்தவை பிப்ரவரியில் தளர்ந்துவிடும். கால்களின் தலையிலும் விட்டங்களின் மேல்முகத்திலும் மெல்லிய செம்புத் தகடு போர்த்தச் சொல்லுங்கள். எங்கள் பந்தலில் தகடு போர்த்திய இடங்களில் இதுவரை ஒரு பழுதும் இல்லை. சட்டங்களின் மேல்விளிம்பைச் சற்றே வளைவாக இழைக்கவும் சொல்லுங்கள். நாங்கள் தட்டையாக விட்டதால், மழை நின்ற பிறகும் நெடுநேரம் நீர் அங்கே தங்குகிறது.

ஆண்டுப் பராமரிப்புக்கு இப்போது ஏறத்தாழ 7,000 ரூபாயும் மூன்று நாள் உழைப்பும் தேவைப்படுகின்றன. வழக்கமாக மே மாதத்தில், இரண்டு வார இடைவெளியில் இருமுறை எண்ணெய் பூசுவோம். 2025-இல் மே மூன்றாம் வாரத்திலேயே பெருமழை தொடங்கி, பருவமழையும் வழக்கமான ஜூன் 11-க்குப் பதிலாக மே 26 அன்றே மும்பைக்கு வந்துவிட்டது. கிழக்கு ஓரத்தில் நான்கு சட்டங்களுக்கு இரண்டாம் பூச்சு எட்டவில்லை. இன்று மற்றவை தேன் நிறத்தில் இருக்க, அந்த நான்கு மட்டும் சாம்பல் பூத்துக் கறுத்திருக்கின்றன. அண்ணாச்சியின் மகன் ஜனவரியில் வந்து அவற்றை இறக்கி, மேல்விளிம்பை வளைவாக இழைத்து, மீண்டும் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு முதல் ஏப்ரலிலேயே எண்ணெய் பூசுவதென்று நாட்காட்டியில் குறித்துவைத்துவிட்டோம்.