ஃபர்ஸ்ட் ட்ரோன்: 450 கிட்டா, குட்டி வூப்பா?

எதிர் வூட்டு பையன் டிப்ளமா படிக்கிறான், போன வாரம் மொட்ட மாடில துணி எடுக்க போனப்ப புடிச்சிகினான், "ண்ணா, கம்மி காசுல ட்ரோன் பண்ணணும், எத வாங்கட்டும்?"னு. உனக்கு பறக்க வுட ஆசையா, இல்ல சால்டரிங் அயர்ன புடிச்சி கட்ட ஆசையான்னு கேட்டேன். ரெண்டும்னான். நானும் அப்டி சொல்லிகினு தான் தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

அங்க எனக்கு மொதல்ல காட்டினது எஃப்450 காம்போ, அதாவது நாமளே கட்டிக்கற பெரிய ட்ரோனுக்கு வேண்டிய சாமான் ஒரே செட்டா. ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல ஆயிரம் சுத்து) மோட்டார் நாலு, 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கண்ட்ரோல் பண்ற போர்டு) நாலு, 1045 ப்ரொப்பெல்லர் (10 இன்ச் நீளம், ஒரு சுத்துக்கு 4.5 இன்ச் முன்னால போற பிட்ச்), 3எஸ் (மூணு செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி. கட்டணும்னு ஆசை இருந்தா இத மாதிரி சோக்கான சாமான் கெடையாது, அடி பிளேட்லயே காப்பர் லைன் ஓடும், ஈஎஸ்சி ஒயர நேரா அதுலயே பத்த வெக்கலாம், ஒரு கை ஒடஞ்சா அந்த கைய மட்டும் மாத்திக்கலாம், மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துதா, மூணு ஒயர்ல எந்த ரெண்டையாவது மாத்தி போடு, முடிஞ்சிது. ஆனா எனக்கு குடுத்த கிட்ல ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தி. டைட்டா முறுக்கிட்டேன், அது மோட்டார் உள்ள போயி காயில் மேல குத்திகினு இருந்தது தெரியல, பவர் குடுத்ததும் சின்னதா ஒரு நூல் பொக, அப்புறம் கருகின வார்னிஷ் வாசன. ஒரு மோட்டார், ஒரு ஈஎஸ்சி, ரெண்டும் அவுட்டு.

வூப்னா குட்டி ட்ரோன், உள்ளங்கைல அடங்கிடும், 65 மிமீ, ஒரே ஒரு செல் பேட்டரி, விசிறிய சுத்தி வளையம் இருக்கறதால செவுத்துல மோதினாலும் எகிறி எழுந்து வரும். ஹால்லயே ஓட்டலாம். மூணு நாலு நிமிஷத்துல பேட்டரி காலி, அதனால அஞ்சாறு செல் சேத்து வாங்கணும். கட்டறதுக்கு தான் ஒண்ணுமே இல்ல, போர்டுல எல்லாம் ஒண்ணா வந்துடுது, மோட்டார சொருகினா வேல முடிஞ்சிது. 5 இன்ச் ரேசிங் டைப்ப பத்தி பேசவே போறதில்ல, மொத ட்ரோனுக்கு அது வேகமும் ஜாஸ்தி காசும் ஜாஸ்தி.

பையன் சிக்க இருந்தது ரேடியோல, அதாவது கைல புடிக்கற ரிமோட்டுல. காம்போ கூட பாதி பேரு ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 தான் வாங்கறாங்க, நல்ல செட்டு தான், நானும் வெச்சிருக்கேன், ஆனா இப்ப வர்ற வூப்ல பெரும்பாலும் ஈஎல்ஆர்எஸ்னு வேற ரக சிக்னல் ரிசீவர், ரெண்டும் பேசிக்காது. ரேடியோமாஸ்டர் பாக்கெட் மாதிரி ஒரு ஈஎல்ஆர்எஸ் ரேடியோ எடுத்துகினா வூப்புக்கும் அதே, நாளைக்கு 450ல தனியா ஒரு ரிசீவர் போட்டு அதுக்கும் அதே, யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டர்ல சொருகி சிமுலேட்டர் ஓட்டவும் அதே. ஐ6ல சிமுலேட்டருக்கு தனி கேபிள் தேடணும்.

ஆனா அப்ப 450க்கு காம்போல வர்ற ஏபிஎம் 2.8ங்கற ஃப்ளைட் கண்ட்ரோலர் (ட்ரோனோட மூள மாதிரி போர்டு) வேணாம். அது பழைய 8 பிட் போர்டு, அதுல ஓடற ஆர்டுகாப்டர் சாஃப்ட்வேர் 3.2.1ஓட நின்னு போச்சு, அதுக்கு மேல புதுசு வராது. எஃப்405 சிப் இருக்கற புது ரக கண்ட்ரோலர் போர்டா பாத்து போடு, ரிசீவர் நேரா அதுல ஒக்காந்துக்கும். காம்போவா வாங்கறத வுட தனித்தனியா வாங்கினா கொஞ்சம் அலைச்சல், அவ்ளோதான்.

நம்ம ஏரியாவுக்குன்னு சில பேஜாரு இருக்கு. மாடில கேபிள் ஒயரு, கொடிக்கயிறு, சாயங்காலம் கடக்காத்து வேற, வூப்ப தூக்கினு போயிடும், ஒரு கிலோ வெயிட் இருக்கற 450 தான் காத்துல கொஞ்சம் நிக்கும். அதுக்காக பீச்சுக்கு எடுத்துனு போகாத, நான் திருவொத்தியூர் மணல்ல ஒரு தடவ எறக்கினேன், மோட்டார் காந்தத்துல கருமணல் மீச மாதிரி ஒட்டிகிச்சி, பல்குச்சி வெச்சி நோண்டி எடுக்க அரை நாளாச்சி. இன்னொண்ணு, 2021 ட்ரோன் ரூல்ஸ்படி 250 கிராம் வரைக்கும் நேனோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, வியாபாரத்துக்கு இல்லன்னா ரெண்டுக்கும் பைலட் லைசன்ஸ் தேவையில்ல, ஆனா அரசோட ட்ரோன் மேப்ல செவப்பு ஏரியான்னா வெயிட்ட பாக்க மாட்டாங்க, மத்திய அரசு பெர்மிஷன் வேணும். ஒரு பக்கம் ஹார்பர், ஒரு பக்கம் மணலி ரிஃபைனரின்னு குந்திகினு இருக்கோம், கலர் பாக்காம வெளிய தூக்காத.

பையன் கிட்ட ரேடியோவும் வூப்பும் மொதல்ல வாங்கு, 450 சாமான மாசாமாசம் ஒண்ணொண்ணா சேத்துக்கோன்னேன். மூஞ்ச தொங்க போட்டுகினு போனான். நேத்து ராத்திரி கதவ தட்டறான், கைல 450 ஃப்ரேம் மட்டும், "ண்ணா, உங்கிட்ட குட்ட ஸ்க்ரூ இருக்கா?"