ஒப்பந்தம் படித்துச் சொல்லும் வழக்கறிஞர்: ஒரு பாடலாசிரியரின் பார்வை

கோடம்பாக்கத்தில் பாட்டெழுதுபவர்கள் கையெழுத்துப் போடுமுன் இவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். என் பட ஒப்பந்தத்தில் ‘ராயல்டியை முழுமையாகத் துறக்கிறேன்’ என்ற வரியைப் பென்சிலால் சுழித்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி அது செல்லாது. பாட்டு திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. வானொலி, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றிலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். இதையெல்லாம் தயாரிப்பு அலுவலகத்தில் யார் வாய்திறந்து சொல்கிறார்கள்? பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை நிரப்பவும் உதவினார். கட்டணம் சற்று அதிகம்தான். காத்திருக்கும் அறையில் மின்விசிறி பேருக்குச் சுற்றுகிறது. பாடகர்கள் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கான சட்டப்பிரிவே வேறு.