பெரியம்மா இருக்கும் இல்லம்: சென்னைப் பயணத்தில் பார்த்தது, கேட்டது, கேட்க வைத்தது

இந்தக் கோடையில் சென்னைக்குப் போனது முழுக்க முழுக்கப் பெரியம்மாவுக்காக. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மடிப்பாக்கம் வீட்டில் தனியாக விட முடியாது என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசி, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நியூஜெர்சியில் இருக்கும் எனக்குப் போனில்தான் எல்லாத் தகவலும் வந்தது. ஊரில் பெரியவர்களை இப்படிச் சேர்த்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நன்றாக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவின் பென்ஷனுக்கு வருடாந்திர நேர்காணல் முடிக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கருவூலத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் உட்கார வேண்டும். இப்போது தபால்காரரே இல்லத்துக்கு வந்து, விரல் ரேகை வைத்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, டிஜிட்டல் ஆயுள் சான்றைக் கட்டிலருகிலேயே முடித்துக் கொடுத்துவிட்டார். பெரியம்மாவின் ரேகை தேய்ந்துபோய் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. மனிதர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்தது கிண்டி. 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு ஒருநாள் காலையில் கூட்டிப்போனேன். 200 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை, முதியவர்களுக்கென்றே கட்டியது. அங்கே இருந்த டாக்டர் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் வாங்கி வரிசையாக வைத்து, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். அதோடு விடாமல், நாற்காலியிலிருந்து எழுந்து நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1978இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். அந்த ஊரில், பெரியவர்கள் இருபத்துநாலு மணி நேரமும் வாழும் இடத்தை மட்டும் யாரும் கவனிக்காமல் விட்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இல்லம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. வாசலில் கோலம், துளசி மாடம், லிஃப்ட். சாப்பாடும் குறை சொல்ல முடியாது. காலையில் சூடாக இட்லி, மதியம் ரசம் கட்டாயம் உண்டு. பெரியம்மாவும் "எல்லாம் சௌகரியமா இருக்குடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனபோதுதான், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்ததைக் கவனித்தேன். வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"ஏன் பெரியம்மா, இன்னும் கொஞ்சம் குடிங்களேன்."

"வேணாம்டி. குடிச்சா ராத்திரி பாத்ரூம் போகணும். கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கறதில்ல."

கட்டிலுக்கு மேலே காலிங் பெல் இருந்தது. அதன் ஒயரைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். படுத்திருப்பவர் கைக்கு எந்த வகையிலும் எட்டாது. சுற்றி இருந்த அறைகளிலும் போய்ப் பார்த்தேன். பாதி அறைகளில் அதே கதைதான். நடைபாதையில் ஆட்கள் கம்மி. இரண்டு மாடிக்கும் சேர்த்து இரவில் ஒரே ஒரு ஆயாம்மா. ஒடிசாவிலிருந்து வந்த சின்னப் பெண். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இருக்க வேண்டிய பெண், மாற்று ஆள் வராததால் தொடர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஆளை இருபது முப்பது பேருக்கு நடுவில் நிறுத்தினால் அவளால் என்ன செய்ய முடியும்?

பெரியம்மாவுக்கு மூன்று மாதத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் செலவை எனக்கு அனுப்பினார்கள், நானும் பணம் கட்டினேன். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொற்று வரும். தொற்று வந்தால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரும், நடை தடுமாறும், மறுபடி விழுவார்கள். ஒரு பெல்லின் ஒயரில் தொடங்குவது இன்னொரு எலும்பு முறிவில் போய் முடியும்.

அதே மாடியில், எதிர் அறையில் ஒரு பாட்டியை நாற்காலியோடு சேர்த்து, பழைய புடவைத் துணியால் இடுப்பில் கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, "எழுந்து நடந்துடறாங்க மேடம், விழுந்தா அவங்க பையன் எங்களைத்தான் திட்டுவாரு" என்று பதில் வந்தது. பயத்தில் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் கட்டி வைக்கப்பட்ட மனுஷிக்குக் காலில் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விடும், உட்கார்ந்த இடத்தில் புண் வரும், அவிழ்த்த அன்றைக்குக் கட்டாயம் விழுவார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டேன். பையனிடமாம். பாட்டியிடம் கேட்டீர்களா என்றதற்கு, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

நான் இதில் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. நியூஜெர்சியில் வார இறுதிகளில் பராமரிப்பு இல்லங்களுக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். ஆம்பட்ஸ்மேன் என்ற பெயரில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அலுவலகம் உண்டு. இல்லவாசிகளின் பக்கம் நின்று பேசுவதுதான் அதன் வேலை. அந்த அலுவலகத்தின் போன் நம்பர் ஒவ்வொரு இல்லத்திலும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். 1987இல் அமெரிக்காவில் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம், அங்கே தங்கியிருப்பவர்களுக்கு உரிமைகளை எழுதிக் கொடுத்தது: தன் சிகிச்சையைத் தானே பேசி முடிவு செய்யலாம், புகார் சொன்னால் பழிவாங்கக் கூடாது, ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டிப்போடக் கூடாது, வெளியேற்றுவதானால் பொதுவாக 30 நாள் முன்னதாக எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், இல்லவாசிகளும் குடும்பத்தினரும் சங்கம் வைத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வாளர்கள் வருவார்கள். அவர்களுடைய அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோவிட் காலத்தில் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்களும் ஊழியர்களுமாக 2 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3.48 மணி நேரக் கவனிப்பாவது வேண்டும் என்று 2024இல் கொண்டுவந்த விதி, 2025இல் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. ஆள் பற்றாக்குறை அங்கேயும் தீராத நோய்தான். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. சென்னையில் நான் தேடியது அதைத்தான்.

இங்கே என்ன சட்டம் இருக்கிறது என்று விசாரித்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர்கள்கூட, தங்கள் சொத்து பின்னால் யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. பார்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு ஏமாற்றினால், எழுதிக் கொடுத்த சொத்தையே ரத்து செய்யலாம். எல்லாம் அருமையான விஷயங்கள்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் பிள்ளைகள் மீதுதான். வசதியற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, அரசு அமைக்கலாம் என்கிறது. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் தனியார் இல்லத்தில் இரவு எத்தனை பேர் இருக்க வேண்டும், பெல் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நிறைவேறாமலே, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது.

2021 கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களிடம் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப்போனார்கள். பெரியம்மா மடிப்பாக்கத்தில் அப்படித்தான் ஓட்டுப் போட்டார், இன்றுவரை பெருமையாகச் சொல்வார். ஓட்டுக்காகக் கட்டில்வரை வர முடிந்த அரசால், அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கவும் வர முடியும். வர வேண்டும்.

சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கையெழுத்து போட்டது உறவுக்காரர் ஒருவர். பெரியம்மாவின் கையெழுத்தும் இல்லை, அவரிடம் நகலும் இல்லை. "நிர்வாகம் விரும்பினால் எந்நேரமும் வெளியேற்றலாம்" என்று ஒரு வரி. அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கணக்கு டீச்சர் அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். படித்து முடித்துவிட்டு, "இதுல என் பேரைத் தவிர என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அதற்கப்புறம் மானேஜரிடம் நான் பேசவில்லை. பெரியம்மா பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தான் கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெல் கைக்கெட்ட வேண்டும். மாடிக்கு ஒருவராவது இரவில் இருக்க வேண்டும். செல்போன் ஆபீஸில் இருக்கக் கூடாது, தன்னிடம் இருக்க வேண்டும். கட்டணம் ஏற்றுவதற்கு ஒரு மாதம் முன்னால் எழுதிச் சொல்ல வேண்டும். யாரையும் கட்டி வைக்கக் கூடாது. கடைசியில் இருந்தது எதிர் அறைப் பாட்டிக்காக அவராகவே சேர்த்தது.

மானேஜர் நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "பொதுவா எல்லாம் ஃபாரின்ல இருக்கற பிள்ளைங்ககிட்டதான் மேடம் பேசிக்கிறோம்" என்றார். அதில் நம் பங்கும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடியோ கால், தலை வாரிப் பொட்டு வைத்து உட்கார வைத்திருப்பார்கள், "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, பக்கத்தில் ஊழியர் யாரும் இல்லாமல் பேசுங்கள். ராத்திரி கூப்பிட்டால் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள். முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று, ஊரில் நம்பகமான ஒருவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால்தான் நிலவரம் தெரியும்.

புகார் சொல்ல வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை என்பதால் அட்வான்ஸ், கட்டணத் தகராறுகளுக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: தாம்பரம் பக்கத்து இல்லங்களுக்கு முகவரியில் சென்னை என்று இருந்தாலும் மாவட்டம் செங்கல்பட்டு. மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும். பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி, அவர் கையெழுத்து போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கையோடு கிடைத்தது. தனியார் இல்லங்களை ஆய்வு செய்து அறிக்கையை வாசலில் ஒட்ட வேண்டும் என்பதுதான் மனுவின் சாரம்.

நான் கிளம்புவதற்குள் அந்த மாடி முழுக்க பெல் ஒயர்களை இறக்கிவிட்டார்கள். செல்போன் பெரியம்மாவிடம் வந்துவிட்டது. எதிர் அறைப் பாட்டியின் மகன் துபாயில் இருக்கிறார். அவரிடம் போனில் பேசினேன். முதலில் தயங்கினார், பிறகு கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே இருப்பவர்களின் குடும்பங்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை இல்லவாசிகள் கூடிப் பேசுவது என்றும், பேசியதைப் பெரியம்மா நோட்டில் எழுதுவது என்றும் ஏற்பாடு. இரவுக்கு இரண்டாவது ஆள் மட்டும் இன்னும் போடவில்லை. உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதக் கட்டணத்தோடு அதையும் எல்லாக் குடும்பங்களும் எழுத்தில் கேட்பதாக முடிவாகியிருக்கிறது. கடிதத்தைப் பெரியம்மாதான் திருத்திக்கொண்டிருக்கிறார்.