பதினான்கு தலைமுறை வம்சாவளி எடுத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள் – குமரி மாவட்டத்தாருக்கு

குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச காலமாக ஓர் ஆள் நடமாடுகிறார். பெயரையும் நம்பரையும் மாற்றிக்கொண்டே இருப்பதால் அதைப் போட்டுப் பயனில்லை. செய்யும் முறை மட்டும் மாறுவதில்லை. அதைத்தான் எழுதுகிறோம்.

முதல் சில வாரம் அவரும் நம்மைப்போலத் தேடுகிறவர்தான். யாராவது பழைய பிரமாணத்தை (சொத்துப் பத்திரத்தை) படம்பிடித்துப் போட்டால் மலையாள வரிகளைக் காசில்லாமல் வாசித்துச் சொல்வார். சரியாகவும் வாசிப்பார். குழுவில் நல்ல பேர் விழுந்த பிறகு தனியாக ஒரு செய்தி வரும்: "அண்ணே, உங்க வீட்டுப்பேரு மதிலகம் ஓலையில வருது. திருவனந்தபுரத்துல நமக்கு உள்ள ஆளு உண்டு." முன்பணம் ஐயாயிரம். பிறகு நகல் கட்டணம், வாசிப்புக் கூலி, ஓலைக்கட்டை எடுத்துத் தருகிறவருக்குக் கைச்செலவு என்று நீளும். கடைசியில் கைக்கு வருவது லேமினேஷன் போட்ட ஒரு வம்சப்படம், மங்கலான ஓர் ஓலைப் படம், எந்த அலுவலகத்தது என்று தெரியாத ஒரு சீல்.

வடசேரி, தக்கலை, கருங்கல் என்று மூன்று இடத்துக் குடும்பங்கள் தங்கள் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மூன்றும் வேறு வேறு சமுதாயம், கொள்வினை கொடுப்பினையே கிடையாது. ஆனால் ஆறாம் தலைமுறைக்கு மேலே மூன்று படத்திலும் அதே பெயர்கள், அதே வரிசை. வீட்டுப்பேர் மட்டும் மாற்றி ஒட்டியிருந்தது. மூன்றிலும் உச்சியில் ஒரு படைத்தலைவர்: "1741 குளச்சல் போரில் டிலனாய் தலைமையில் டச்சுக்காரரை எதிர்த்தவர்." அந்தப் போரில் டிலனாய் டச்சுப் படையில் இருந்தவர். தோற்றுப் பிடிபட்ட பிறகுதான் மார்த்தாண்டவர்மாவிடம் சேர்ந்தார், உதயகிரிக் கோட்டையில் படை பழக்கினார். இந்த ஒரு வரியே போதும், படத்தைத் திருப்பிக் கொடுக்க. யாரும் திருப்பவில்லை. படைத்தலைவர் பேரன் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மதிலகம் ஓலை என்பது உண்மையில் இருப்பது, அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி ஏமாற்ற முடிகிறது. பத்மநாபசுவாமி கோயிலின் வரவு செலவு, நியமனம், அரச உத்தரவு, நிலம் பற்றிய எழுத்துகள் அவை. கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதிவைத்த ஏடு அல்ல. அதில் ஒருவர் பெயர் வந்தாலும் ஒரு சம்பவத்தையொட்டி வருமே தவிர, அப்பன் பாட்டன் வரிசையாக வராது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் சுருணை (ஓலைக்கட்டு) எண், ஓலை எண் இரண்டையும் கொடுப்பார்கள். இந்த ஆள் கொடுத்த எதிலும் இரண்டும் இல்லை. கேட்டால் "அது ரகசியம், உள்ள ஆளுக்கு வேலை போயிரும்" என்கிறார். எண் சொல்ல முடியாத ஓலைக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஓலைப் படத்தை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். நிறத்தை நம்பவேண்டாம், புது ஓலையையும் புகையிலும் சாயத்திலும் கறுக்கவைக்க முடியும். எழுத்தைப் பாருங்கள். பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கால் போட்டதும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. கையில் வந்த படங்களிலோ புள்ளி அத்தனையும் ஒழுங்காக இருக்கிறது, 'னை', 'லை' எல்லாம் இன்று பள்ளிக்கூடத்தில் எழுதும் வடிவத்தில் இருக்கின்றன. யானைத் துதிக்கைபோல் மேலே கொம்பு வளைந்த பழைய வடிவத்தை மாற்றித் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது 1978இல். இருநூறு ஆண்டு ஓலைக்கு அந்த உத்தரவு எப்படித் தெரிந்தது? எண்களும் அப்படித்தான். தமிழ் எண்ணோ மலையாள எண்ணோ இல்லாமல் 1, 2, 3 என்று கீறியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. நிலக்கணக்கில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் என்ற பழைய அளவுகள் வரவேண்டிய 18ஆம் நூற்றாண்டு ஓலையில் ஏக்கரும் செண்டும் வந்தாலும் அதே கதைதான்.

ஓலையை நேரில் காட்டினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தாணி கீறிய பள்ளத்துக்குள் மை இறங்கியிருக்கவேண்டும். மேலே மட்டும் படிந்திருந்தால் பேனா. பூச்சி அரித்த துளை எழுத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். எழுத்து அந்தத் துளையைச் சுற்றி விலகிப் போனால், அரித்துக் கிடந்த வெற்று ஓலையை எடுத்துப் பிறகு எழுதியிருக்கிறார்கள். கயிறு கோக்கும் துளை வேறு, அதைச் சுற்றி இடம் விட்டு எழுதுவது வழக்கம்தான்.

அடுத்தது கொல்லம் ஆண்டு, பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில் வரும் ஆண்டுக்கணக்கு. இங்கேதான் போலிகள் அதிகம் வழுக்குகின்றன. நம் பக்கம் ஆவணி முதல் தேதி, அதாவது சிங்கம் 1, ஆகஸ்ட் நடுவில் ஆண்டு பிறக்கும். கி.பி. ஆண்டு தெரிய, அதிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டவேண்டும், ஜனவரி முதல் ஆடிக் கடைசிவரை 825. ஒத்துப்பார்க்க ஓர் உறுதியான தேதி: மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் கொல்லம் 925 மகரம், அதாவது 1750 ஜனவரி. ஒரு படத்தில் "கொல்லம் 1012, கி.பி. 1812" என்று இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 1836–37 வரும். 1824 ஆகஸ்ட் நடுவுக்கு முந்திய எந்தத் தேதிக்கும் கொல்லம் ஆண்டு மூன்று இலக்கமாகத்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காகித ஆவணம் என்றால் முத்திரையைப் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர், திருக்கொச்சிப் பக்கம்தான். சமஸ்தான காலப் பத்திரத்தில் சங்கு முத்திரை இருக்கும், தொகை சக்கரம், பணம் கணக்கிலும் வரும். 1940இல் கல்குளத்தில் எழுதிய பிரமாணம் என்று ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட பத்திரத்தைக் காட்டினால், அது பிரிட்டிஷ் பகுதியில் வாங்கிய பத்திரம். "1850, கன்னியாகுமரி மாவட்டம்" என்று இடம் போட்டிருந்தால் அந்த மாவட்டம் பிறக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு விதமான தூண்டில். "கோட்டாறு மறைமாவட்டப் பதிவேடு, 1820" என்று ஒரு படத்தில் சான்று. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. அதுவுமன்றி ஞானஸ்நானப் பதிவேடு அந்தந்தப் பங்குக் கோயிலில் இருப்பது. இன்னொன்றில் "சி.எஸ்.ஐ. சபைப் பதிவு, 1880". சி.எஸ்.ஐ. உருவானதே 1947இல்தான். அதற்கு முன் இங்கே இலண்டன் மிஷன், 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த வழியில் வளர்ந்தது. அந்த மிஷன் கடிதங்கள், அறிக்கைகள் இலண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பதிவேட்டில் ஒரு நல்ல சோதனை உண்டு: 1908க்குப் பிறகு கோயிலில் மணமானவர் என்றால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பு எழுதப்பட்டிருக்கவேண்டும். பங்கில் கேட்டு அந்த ஓரக் குறிப்பை ஒத்துப்பாருங்கள். பிரான்சிஸ்கு, சவேரி, மரியா என்று ஊர் முழுக்க ஒரே பெயர் ஓடும் கடற்கரையில், ஆள் மாறாமல் இருக்க ஞானத்தாய் தந்தை பெயர்தான் துணை. 1544இல் சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற உங்கள் முப்பாட்டன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு மருமக்கள்வழியில். நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிலும் சொத்து அம்மாவனிடமிருந்து, அதாவது தாய்மாமனிடமிருந்து, மருமகனுக்குப் போயிற்று. 1925இல் நாயர் சட்டமும் 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டமும் வந்த பிறகே அது மாறியது. ஆகவே பழைய பிரமாணத்தில் காரணவன் (குடும்பத் தலைவர்), அனந்தரவன் (அவருக்கு அடுத்து வரும் மருமகன் முறையினர்) என்று வரும் இருவரும் அப்பனும் மகனும் அல்ல. உகந்துடைமை என்று மனைவி மக்களுக்குக் கிடைத்த பங்கு தனி. இந்த ஆள் தண்டப்பேர் (வரிப்பதிவில் உள்ள நில உடைமையாளர் பெயர்) மாறிய வரிசையை அப்படியே எடுத்து அப்பன், மகன், பேரன் என்று அடுக்கிவிடுகிறார். மூன்று படத்தில் ஒன்று இப்படித்தான். அம்மாவன்மார் வரிசையைக் கொடுத்து இதுதான் உங்கள் தந்தைவழி என்று காசு வாங்கியிருக்கிறார். மருமக்கள்வழிக் குடும்பத்தில் தாய்வழிப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லாத படம் வந்தால் ஆவணத்தைப் பார்த்து வரைந்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்வழிச் சமுதாயங்களில் வேறு சிக்கல்: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒன்றுவிட்ட தலைமுறைகள் இரண்டும் ஒரே ஆளாக ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒருவரே இருவராகப் பெருகுவார். வேண்டிய தலைமுறை எண்ணிக்கையை இப்படித்தான் நிரப்புகிறார்கள்.

டிஎன்ஏ சோதனை எடுத்துத் தருகிறேன் என்பதும் சேர்ந்து வருகிறது. சோதனை பொய்யல்ல, அதற்கு இவர்கள் சொல்லும் விளக்கம்தான் பொய். சதவீதக் கணக்கிலிருந்து வீட்டுப்பேர் கிடைக்காது. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிய குடும்பங்களில் பகிரும் அளவு கூடிவிடும், தூரத்துச் சொந்தத்தையும் நெருங்கிய சொந்தம் என்று காட்டும்.

பணம் போனதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு மக்களே. படம் வரைவதற்கு என்று அவர் கேட்டது: உயிரோடிருக்கும் பங்காளிகள் அத்தனை பேரின் பெயர், விலாசம், ஆதார் நகல், வெளிநாட்டில் இருப்பவர் யார் என்ற விவரம், அசல் பிரமாணம், "வம்சாவளிக்குச் சாட்சி" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. நம் ஊரில் செத்துப்போன பாட்டன் பேரிலேயே பட்டா கிடக்கும் விளைகள் எத்தனை! பிரிக்காத சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை மட்டும் தனியாக விற்கலாம். வாரிசுப் பட்டியல் முழுசாகக் கையில் இருக்கும் தரகர், கடனில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போய் அந்தப் பங்கை எழுதி வாங்குவது பெரிய வேலையே அல்ல. அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நகல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் எழுத்தின் குறுக்கே "வம்சாவளி ஆய்வுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். உயிரோடிருப்பவர் பெயரே படத்தில் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அந்த சர்வே எண்ணுக்கு, பழைய எண்ணும் ரீசர்வே எண்ணும் சேர்த்து, இப்போதே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். சில மாதம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.

இத்தனைக்கும் உள்ள ஆள் என்று ஒருவர் தேவையே இல்லை. ஒவ்வொரு பிரமாணமும் தனக்கு முந்திய பிரமாணத்தின் எண், ஆண்டு, அலுவலகம் சொல்லும். அந்தப் படியில் ஏறினால் போதும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்க்கவும் நகல் வாங்கவும் யாரும் மனு செய்யலாம், கட்டணம் கட்டினால் ரசீது தருவார்கள். உயில் இருக்கும் 3ஆம் புத்தகத்தின் நகல் மட்டும், எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான்; அவர் இறந்த பிறகு யாரும் மனு செய்யலாம். நகல் மலையாளத்தில் இருந்தால் இரண்டு பேரிடம் தனித்தனியாக வாசிக்கக் கொடுத்து ஒத்துப்பாருங்கள். ஒருவர் மற்றவருக்குத் தெரிந்தவராக இருக்கக்கூடாது. குடும்பக் கோயில் கொடைக்கு வரி பிரித்த நோட்டு, சாதகக் குறிப்பு, கல்லறைக் கல், இவை செலவில்லாதவை. ஆவணப்படி நாலைந்து தலைமுறை கிடைத்தாலே நல்ல தேட்டம். சும்மா உதவுகிறவர்களும் இதே குழுக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் "இதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதத் தயங்கமாட்டார்கள்.

பணம் கொடுத்தவர்கள் செய்தி எதையும் அழிக்காமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், யுபிஐ பரிவர்த்தனை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பி அதிக நேரம் ஆகவில்லை என்றால் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், கூடவே வங்கி. பழைய விவகாரம் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். "சேவைக்கு" என்று அவர் எழுதிய ஒரு வரிச் செய்தியாவது கையில் இருந்தால் வழக்குக்குப் பலம்.

அந்தப் படத்தை நம்பி உலகப் பொது வம்சமரத் தளங்களில் ஏற்றியவர்கள் ஆறாம் தலைமுறைக்கு மேல் உள்ள இணைப்பை அறுத்துவிட்டு, குறிப்புப் பகுதியில் "ஆவணம் இல்லை" என்று எழுதிவையுங்கள். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அதே குளச்சல் படைத்தலைவரைத் தங்கள் மரத்தில் நகலெடுத்து ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.