பில்லில் 63 ஆம்பியர், பெட்டிக்குள் 25: ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஸ்டோரேஜ் ஹீட்டர் என்பது இரவின் மலிவுக் கட்டணத்தில் சூடேறி, பகலில் அந்த வெப்பத்தைத் தருவது. பிரிட்டனில் ரேடியோ அலை மூலம் இந்த இரவு மின்சாரத்தைத் திறந்து மூடிய டெலிசுவிட்சுகளை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அதற்குப் பதிலாக டைம்சுவிட்சும் கான்டாக்டரும் (டைம்சுவிட்சின் சொல்படி பெரிய சுமையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டித் தருவதாகச் சொல்லி வருபவர்களில் சிலர் செய்யும் வேலை ஆபத்தானது.

லண்டன் ஃபிளாட் ஒன்றில் நடந்தது இது. 3.4 கிலோவாட் ஹீட்டர் இரண்டு, 1.7 கிலோவாட் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் 3 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர். மொத்தம் 11.5 கிலோவாட், 230 வோல்ட்டில் 50 ஆம்பியர். பில்லில் 63 ஆம்பியர் கான்டாக்டருக்குப் பணம் வாங்கிவிட்டு, மாட்டியது 25 ஆம்பியர் இரட்டைப் போல், அதாவது லைவுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு கம்பிகளைத் துண்டிப்பது. 25-ம் 25-ம் 50 என்று இரண்டு போலையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். போல்களின் உள்ளே தொட்டுச் சேரும் இரண்டு கான்டாக்டும் ஒரே நொடியில் சேராது, ஒரே நொடியில் பிரியாது. முந்திச் சேர்வதும் பிந்திப் பிரிவதும் முழுச் சுமையையும் தனியாகத் தாங்கும். கடைசியில் அது உருகி ஒட்டிக்கொண்டது. நியூட்ரலைத் துண்டிக்க வேண்டிய போலும் இதிலேயே போய்விட்டது.

ஒட்டிய கான்டாக்ட் பிரியாது. ஹீட்டர்கள் பகல் கட்டணத்திலும் சூடேறும். இதைப் பெட்டியைத் திறக்காமலே பார்க்கலாம்: பகலில் மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனித்தபடி இரவு ஹீட்டர்களுக்கான இணைப்புப் பெட்டியின் மெயின் சுவிட்சை அணையுங்கள். சிமிட்டல் சட்டென்று குறைந்தால் பகலிலும் அந்தப் பக்கம் மின்சாரம் போகிறது.

டைம்சுவிட்சின் கான்டாக்ட் பெரும்பாலும் 16 அல்லது 20 ஆம்பியர்தான். அது கான்டாக்டரை இழுத்துச் சேர்க்கும் காயிலை (மின்காந்தச் சுருளை) மட்டும் இயக்கட்டும். ஹீட்டர்களை அதிலேயே நேராகக் கோர்ப்பவரை அனுப்பிவிடுங்கள். கான்டாக்டரில் ஹீட்டர் போன்ற சுமைக்கான ஏசி-7ஏ அல்லது ஏசி-1 என்ற அளவைப் பாருங்கள்; ஏசி-7பி, ஏசி-3 எண்கள் மோட்டாருக்கானவை. மேலே சொன்ன சுமைக்கு 63 ஆம்பியர் இரட்டைப் போல் வேண்டும். இரவில் மணிக்கணக்காக முழுச் சுமை ஓடுவதால் பக்கத்து சாதனங்களோடு நெருக்கி மாட்டாமல் இடைவெளி விட வேண்டும். காயிலுக்குத் தனியாக 6 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். லேசான ரீங்காரம் கேட்பது குறையல்ல, கருகிய வாசனை குறைதான்.

டைம்சுவிட்சில் பேட்டரி இருப்பது அவசியம். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அதுவும் இரண்டு மணி நேரம் பின்தங்கி, விடிந்த பிறகும் பகல் கட்டணத்தில் சூடேற்றும். சில மீட்டர்கள் கோடையிலும் ஜிஎம்டி (பிரிட்டனின் குளிர்கால) நேரத்திலேயே ஓடும், 12.30 முதல் 7.30 வரை என்ற இரவுக் கட்டண நேரம் அப்போது கடிகாரப்படி 1.30 முதல் 8.30. தானாகக் கோடை நேரத்துக்கு மாறும் டைம்சுவிட்சை அங்கே வைத்தால் தினமும் ஒரு மணி நேரம் பகல் கட்டணம். உங்கள் நேரம் எது என்று மின் நிறுவனத்திடம் கேட்டு, இரு முனையிலும் ஐந்து நிமிடம் உள்ளே தள்ளி அமைக்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கான்டாக்டரின் முகப்பு எண்ணைப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் பில்லோடு ஒப்பிடுங்கள். சோதனை அளவுகள் நிரப்பிய சான்றிதழையும் கையோடு வாங்குங்கள்.